தேசியத் திறந்தநிலைப் பள்ளிக் கல்வி நிறுவனம் (என்.ஐ.ஓ.எஸ்.)

பள்ளிக்குப் போகாமல் வீட்டிலிருந்தே படிப்போருக்குப் பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ் வழங்கும் இந்திய அரசின் தன்னாட்சி வாரியம். 1989இல் தொடங்கப்பட்டது, 2002இல் இப்பெயர் பெற்றது. குறைந்தது ஒரு மொழி உட்பட ஐந்து பாடங்களில் தேற வேண்டும். பதிவு 5 ஆண்டுகள் செல்லும். அதற்குள் 9 பொதுத்தேர்வு வாய்ப்புகள் உண்டு. கணக்கை இப்போதும் வேதியியலை அடுத்த பருவத்திலும் எழுதி முடிக்கலாம் என்பது, உடல்நலம் குன்றிய பிள்ளைகளுக்குப் பெரிய ஆறுதல். மிகுந்த கவனம் வேண்டியது பாடத்தேர்வில்தான். பொறியியல் படிக்க விரும்பும் மாணவர் இயற்பியலையோ கணிதத்தையோ விட்டுவிட்டால், சான்றிதழ் கையில் இருந்தும் பல படிப்புகளுக்குக் கல்லூரிக் கதவு திறக்காது. ஆகவே, பதிவதற்கு முன்பே அந்தந்தப் படிப்பின் சேர்க்கை விதிகளைப் படித்துவிட வேண்டும். வீட்டிலிருந்தே படித்தாலும், செய்முறைத் தேர்வுக்கு நேரில் போயே ஆக வேண்டும்.