தபாலில் வந்த ஆசிரியப் பயிற்சி

நறுவிலிப் பழத்தின் சதையில் நல்ல பசை உண்டு. பசைப் போத்தல்கள் கடைகளுக்கு வருவதற்கு முன்னர் கிழிந்த கடதாசியை ஒட்ட அதுவே உதவியது. அந்த மரத்தின் பெயரைத் தாங்கிய ஊர் நறுவிலிக்குளம். மன்னார்ப் பெருநிலப்பரப்பில், நானாட்டான் பிரதேசத்தில், வங்காலைக்கு அண்மையில் உள்ளது. ஒருபுறம் வயலும் மறுபுறம் கடலுமாக வாழும் பகுதி அது. போரில் கிழிந்துபோன கல்வியை ஒட்டவைக்க வேண்டிய தேவை அங்கு இன்றும் இருக்கின்றது.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபோது மன்னார் மாவட்டத்து மக்கள் பல திசைகளில் சிதறினர். ஆயிரக்கணக்கானோர் மடு மாதா ஆலயச் சூழலில் தஞ்சம் புகுந்தனர். பலர் படகேறி இராமேசுவரம் சென்று மண்டபம் முகாமை அடைந்தனர். அதே ஆண்டு ஒக்டோபரில் முஸ்லிம் மக்கள் மாவட்டத்தை விட்டு வெளியேற்றப்பட்டனர். அன்று பத்து வயதாக இருந்த பிள்ளை இன்று நாற்பதைத் தாண்டிவிட்டது. மூன்றாம் வகுப்போடு பாடசாலையை விட்ட ஒருவர் இன்று வங்கிப் படிவத்தை நிரப்பப் பிறர் கையை எதிர்பார்த்து நிற்கிறார். 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையின் எழுத்தறிவு 95 வீதத்திற்கும் அதிகம். பெருமைக்குரிய இந்த எண்ணிக்கையே, எஞ்சிய சிலரை எவர் கண்ணிலும் படாமல் மறைத்தும் விடுகின்றது.

இவர்களுக்குக் கற்பிப்பவர் யார்? பெரும்பாலும் ஊரிலேயே இருக்கும் ஒரு தொண்டர். க.பொ.த. சாதாரண தரமோ உயர்தரமோ படித்த ஒரு பெண்ணாக அவர் இருப்பார். வளர்ந்தோருக்குக் கற்பிக்க அவருக்கு எவரும் பயிற்சி தந்திருக்க மாட்டார்கள். வீட்டையும் வயலையும் விட்டு, விடுதியில் தங்கி இரண்டு ஆண்டுகள் படிக்க அவரால் இயலாது. பயிற்சிதான் அவரைத் தேடி வரவேண்டும். தொலைக்கல்வியின் வரலாறு நமக்கு முக்கியமாவது இந்த இடத்தில்தான்.

இந்த வரலாற்றில் இலங்கைக்குச் சிறப்பான இடமுண்டு. 1945 இல் இலவசக் கல்வி வந்ததன் பின் பாடசாலைகள் பெருகின, ஆசிரியர்களும் பெருகினர். ஆனால் அவர்களுள் ஆயிரக்கணக்கானோர் பயிற்சி பெறாதவர்கள். பயிற்சிக் கலாசாலைகளில் அத்தனை பேருக்கும் இடமில்லை. 1980களின் தொடக்கத்தில் கல்வி அமைச்சு, சுவீடனின் உதவியோடு, தொலைக்கல்வி மூலமான ஆசிரியப் பயிற்சியைச் சிங்களத்திலும் தமிழிலும் தொடங்கியது. 1980களின் நடுப்பகுதியில் நிறுவப்பட்ட தேசிய கல்வி நிறுவகம் அதனைப் பொறுப்பேற்றது. அச்சிட்ட பாடத்தொகுதிகள் ஆசிரியர் கைக்கு வரும். அவர் ஒப்படைகளை எழுதி அனுப்புவார். திருத்திய குறிப்புகளோடு அவை திரும்பி வரும். பிராந்திய நிலையங்களில் நேர்முக வகுப்புகள் நடக்கும். வகுப்பறையில் அவர் கற்பிப்பதையும் ஒருவர் வந்து பார்ப்பார்.

கலாசாலைப் பயிற்சியோடு ஒப்பிடுகையில் இதற்கான செலவு பல மடங்கு குறைவு என்பதை ஆய்வாளர்கள் பின்னர் கணக்கிட்டுக் காட்டினர். காலையில் கற்பித்து, இரவில் பாடத்தொகுதியைப் படித்து, மறுநாளே அதனைப் பரீட்சித்துப் பார்க்க ஆசிரியரால் முடிந்தது இன்னொரு நன்மை. 1980 இல் தோன்றிய இலங்கைத் திறந்த பல்கலைக்கழகமும் தொழில் பார்த்தவாறே படிக்கும் வாய்ப்பைப் பரவலாக்கியது. எனினும் இம்முயற்சிகளின் கவனம் பெரிதும் பிள்ளைகளின் ஆசிரியர் மீதே இருந்தது. வளர்ந்தோருக்கு எழுத்தறிவிப்பவர் முறைசாராக் கல்வி என்ற தலைப்பின் கீழ் ஓரத்திலேயே நின்றார்.

பாக்கு நீரிணைக்கு அப்பால் நிலைமை வேறு. 1988 இல் இந்தியாவில் தேசிய எழுத்தறிவு இயக்கம் தொடங்கியது. தமிழகத்தில் அறிவொளி இயக்கம் 1990களின் தொடக்கத்தில் ஊர் ஊராகப் பரவியது. புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தின் காலத்தில் பெண்கள் எழுத்தோடு மிதிவண்டி ஓட்டவும் கற்றனர். கல்லுடைக்கும் பெண்களும் அதில் சேர்ந்திருந்தனர். அத்தனையும் தொண்டர்களின் உழைப்பு. ஊதியம் பெறாமல் மாலை நேரங்களில் அவர்கள் கற்பித்தனர். இயக்கத்தின் அலை ஓய்ந்தபோது அத்தொண்டர்களுட் பலரிடம் எஞ்சியது அனுபவம் மட்டுமே. அந்த அனுபவத்தை வேலை தருபவர் முன் எடுத்துக்காட்ட ஏற்ற தகைமைச் சான்றிதழ் எதுவும் அவர்களிடம் இருக்கவில்லை.

அந்தக் குறையைத் தீர்க்க முயன்ற நாடு தென்னாபிரிக்கா. யுனிசா எனப்படும் தென்னாபிரிக்கப் பல்கலைக்கழகம் 1946 முதல் அஞ்சல்வழிக் கல்வி நடத்தி வருவது. நெல்சன் மண்டேலா சிறையில் இருந்தவாறே 1989 இல் சட்டப் பட்டம் பெற்றது அங்கேதான். ரொபன் தீவுச் சிறையில் படித்த கைதிகள், எழுத்தறியாத சக கைதிகளுக்குக் கற்பித்தனர் என்பதும் பதிவான வரலாறு.

இனவொதுக்கல் ஆட்சி 1994 இல் முடிவுற்றபோது, பல இலட்சம் வளர்ந்தோர் எழுத்தறியாதவராக இருந்தனர். 1990களின் நடுப்பகுதியில் யுனிசா, வளர்ந்தோர் அடிப்படைக் கல்வி ஆசிரியர்களுக்கெனத் தொலைக்கல்விச் சான்றிதழ்க் கற்கைநெறியை ஆரம்பித்தது. பாடநூல் வீட்டுக்கு வந்தது. அயலிலேயே கலந்துரையாடல் குழு கூடியது. வேலையற்றிருந்த பெண்கள் பலர் இதில் சேர்ந்தனர். 2008 இல் அரசு ‘கா ரி குடே’ என்ற எழுத்தறிவு இயக்கத்தைத் தொடக்கியபோது இந்தப் பயிற்சியின் பயன் தெரிந்தது. வென்டா மொழியில் இதன் பொருள் ‘கற்போம் வாருங்கள்’. கற்பித்தவர்களுக்கு மாதாந்தக் கொடுப்பனவும் வழங்கப்பட்டது. 2016 இல் யுனெஸ்கோவின் கன்பூசியஸ் எழுத்தறிவுப் பரிசு இந்த இயக்கத்துக்குக் கிடைத்தது.

இப்படியொரு பயிற்சி எதற்கு, தமிழ் வாசிக்கத் தெரிந்த எவரும் கற்பிக்கலாமே என்று சிலர் கேட்கக்கூடும். பிள்ளைக்குக் கற்பிப்பதும் ஐம்பது வயதுக் கடற்றொழிலாளிக்குக் கற்பிப்பதும் ஒன்றல்ல. அவருக்கு மொழி தெரியும், உலகம் தெரியும், காற்றின் திசை தெரியும். எழுத்து ஒன்றுதான் தெரியாது. அணிலையும் ஆட்டையும் காட்டி அகரம் சொல்லிக்கொடுத்தால் அவர் மறுநாள் வரமாட்டார். பிரேசிலின் பாவுலோ பிறேரி 1963 இல் அங்கிக்கோஸ் என்ற ஊரில் ஏறத்தாழ 300 தொழிலாளருக்கு 40 மணி நேரத்தில் எழுத்தறிவிக்க முயன்றபோது, அவர்கள் நாளாந்தம் பேசும் சொற்களிலிருந்தே தொடங்கினார். மன்னார்க் கரையில் அச்சொற்கள் படகு, வலை, வள்ளம், கடன் என்பனவாக இருக்கும். ட, ப என்ற நேர்கோட்டு எழுத்துகள் பேனை பிடித்துப் பழகாத கைக்கு எளிதில் வரும். சுழிகள் பின்னர் வரலாம். இவை கற்றுத் தெரிந்துகொள்ள வேண்டிய நுட்பங்கள்.

சான்றிதழின் பெறுமதியையும் குறைத்து மதிப்பிடலாகாது. போருக்குப் பிந்திய ஆண்டுகளில் வடமாகாணத் தொண்டர் ஆசிரியர்கள் நிரந்தர நியமனம் கேட்டு வீதியில் அமர்ந்ததை நாம் மறந்துவிடவில்லை. ஆண்டுக்கணக்கில் கற்பித்தவருக்கும் அலுவலக மேசையில் வைக்க ஒரு தாள் வேண்டியிருக்கின்றது. அந்தத் தாளின் பின்னால் உண்மையான பயிற்சி இருக்குமானால் கற்பவருக்கும் நன்மை, கற்பிப்பவருக்கும் நன்மை.

தமிழில் ஆசிரியப் பயிற்சிப் பாடத்தொகுதி எழுதத் தெரிந்தவர்கள் இந்நாட்டில் நாற்பது ஆண்டுகளாக இருக்கின்றனர். அதனை ஊருக்குக் கொண்டுசேர்க்கும் வழியும் பழகிய வழியே. தபாற்காரர் சுமந்த பொதியை இன்று கைத்தொலைபேசி சுமக்கும். வளர்ந்தோருக்குக் கற்பிக்கும் அந்தத் தொண்டரையும் ஆசிரியராக ஏற்றுக்கொள்வதுதான் இனிச் செய்யப்பட வேண்டியது. நறுவிலிக்குளம் போன்ற ஊர்களில் நாற்பதைத் தாண்டியவர்களுக்கு அதிக காலம் காத்திருக்க முடியாது.