சுரத்தின் தலைமேல் ஒரு புள்ளி

பாட்டை அச்சிடுவது உரையை அச்சிடுவது போன்றதன்று. சுரமும் தாளக் கோடும் பாடற்சொல்லும் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒத்து நிற்றல் வேண்டும். 1501-ஆம் ஆண்டில் வெனிசு நகரத்துப் பெத்ருச்சி என்பார் இசைநூலை வெளியிட்டபோது, கோடுகளையும் சுரங்களையும் சொற்களையும் வெவ்வேறாக, ஒரே தாளின்மேல் பன்முறை அச்சேற்றினார். தாள் இம்மியளவு விலகினும் ஒரு சுரம் மற்றொரு சுரமாகிவிடும்.

நம்மவரில் சின்னசாமி முதலியார் 1893-இல் சென்னையில் கீர்த்தனைகளை ஐரோப்பியக் கோட்டு முறையில் வெளியிட்டார். அவருடைய தூண்டுதலும் எட்டயபுரம் அரண்மனையின் ஆதரவும் கூடியதால், சுப்பராம தீட்சிதரின் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' 1904-இல் எட்டயபுரத்திலேயே அச்சாயிற்று. நூல் தெலுங்கு எழுத்தில் அமைந்தது. கமகங்களுக்கெனத் தனிக் குறிகளும் அதில் உண்டு. பெருநகரம் அல்லாத ஓர் ஊரில் அப்பெருநூலைக் கோத்து முடித்த அச்சுக்கோப்பாளரை நம் அச்சு வரலாறு போதிய அளவு போற்றவில்லை என்பது என் கருத்து.

சென்னை மியூசிக் அகாடமி அந்நூலை 1961 முதல் தமிழெழுத்தில் பகுதி பகுதியாக வெளியிட்டது. தமிழுக்கு வரும்போதுதான் ஒரு தனிச் சிக்கல் எழுகிறது. மேல் ஸ்தாயிக்கு அடையாளம் சுரத்தின் தலையில் இடும் புள்ளி. தமிழிலோ அவ்விடம் முன்னரே மெய்யெழுத்துக்கு உரியது. தொல்காப்பியர் காலம் முதல் அஃது அவ்வாறே. (ஓலையில் எழுதியோர் புள்ளியைப் பெரும்பாலும் விட்டனர், அச்சே அதனை நிலைநிறுத்தியது.) ஆகவே 'க' மேல் ஸ்தாயிக்குச் சென்றால் 'க்' ஆகிறது, 'ம' 'ம்' ஆகிறது. தெலுங்கில் மெய்யைக் காட்டும் குறி புள்ளியன்று. அங்கு இம்மயக்கம் இல்லை. பழகிய பாடகர் தடுமாறார். புதிதாகக் கற்கும் சிறுவனோ, நாம் வகுப்பில் கற்பித்த இலக்கணத்தையே நம்பித் தடுமாறுவான்.

கணினி இதனைத் தீர்த்துவிடவில்லை. 1988-இல் தோன்றி 2024-இல் வளர்ச்சி நிறுத்தப்பட்ட 'பினாலே', 1996-இல் தொடங்கிய 'லிலிபாண்ட்' முதலியன ஐரோப்பியக் கோட்டு முறையை முதன்மையாகக் கொண்டவை. எனவே, பிரிக்பீல்ட்சிலும் பங்சாரிலும் பிள்ளைகளுக்குப் பாடத்தாள் ஆயத்தம் செய்யும் ஆசிரியர் வழக்கமான சொற்செயலியையே நாடுகின்றார். 'ரி', 'நி' ஆகியவற்றின் மேல்விலங்கில் புள்ளி மோதுகிறது. எழுத்துரு மாறினால் ஒதுங்கியும் நிற்கிறது. துரித காலத்திற்கு மேற்கோடு எளிதிற் கிட்டாமையால் அடிக்கோடு இட்டால், கீழ் ஸ்தாயிப் புள்ளி மறைகிறது. இடைவெளி விசையை அழுத்தி வரியை நேர்செய்வது வீண்வேலை. 'ஸா'வின் அகலம் வேறு, 'ப'வின் அகலம் வேறு.

கட்டம் கட்டுவதே தக்க வழி. ஆதி தாளத்திற்கு எட்டுக் கட்டங்கள், நான்காம் ஆறாம் எட்டாம் கட்டங்களின் முடிவில் தாளக் கோடு. புள்ளிக்கு மேலே ஒரு மெல்லிய வரிசை, அதன்கீழ்ச் சுரம், அதன்கீழ்ச் சொல். பெத்ருச்சி பன்முறை அச்சேற்றிச் செய்ததை இங்கே வரிசைகள் செய்கின்றன. புள்ளி சுரத்தோடு ஒட்டாமல் தனி வரிசையில் நிற்பதால் மெய்யெழுத்து மயக்கமும் நீங்கும். முடித்த தாளைப் பிறருக்கு அனுப்புங்கால் எழுத்துருவை உள்ளடக்கிய பி.டி.எப். கோப்பாக அனுப்புதல் நலம். அன்றேல் அவர் கணினியில் வேறோர் எழுத்துரு புகுந்து, கட்டங்கள் மீண்டும் கலையும்.