மானிப்பாயில் நிகழ்ந்த அற்புதம்

சிராங்கூன் சாலையின் தென்முனையை விட்டு ரோச்சோர் கால்வாயைக் கடந்து சற்றே நடந்தால், ஓஃபிர் சாலையில் லூர்து அன்னை ஆலயத்தைக் காணலாம். தமிழ்க் கத்தோலிக்கருக்கென 1888 ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பெற்ற ஆலயம் அது. பிரான்சு நாட்டின் லூர்து நகரில் 1858 இல் பெர்னதெத் என்னும் சிறுமிக்கு அன்னை காட்சியளித்தார் என்பதும், ஆங்குள்ள ஊற்றுநீரால் நோயுற்றோர் பலர் நலமடைந்தனர் என்பதும் கத்தோலிக்கரின் நம்பிக்கை. அப்பெயர் தாங்கிய இவ்வாலயத்தில் மெழுகுவர்த்தி ஏற்றி நிற்போர் எல்லாரும் தம் பிணிக்காக வந்தவர் அல்லர். மருத்துவமனையில் கிடக்கும் மகனுக்காகத் தாய் நிற்பாள். நடக்க இயலாத தந்தைக்காக மகள் நிற்பாள். நோய் ஒருவருடையது, வேண்டுதல் மற்றொருவருடையது.

இது புதிய வழக்கன்று. மாற்கு எழுதிய சுவிசேஷத்தின் இரண்டாம் அதிகாரத்திலேயே இதன் வேர் உண்டு. கப்பர்நகூமில் இயேசு இருந்த வீட்டைக் கூட்டம் சூழ்ந்துகொள்கிறது. திமிர்வாதக்காரன் ஒருவனை நால்வர் சுமந்து வருகின்றனர். வாயிலில் நுழைய இடமில்லை. மேற்கூரையைப் பிரித்து, படுக்கையோடு அவனை உள்ளே இறக்குகின்றனர். அவன் எழுந்து நடந்ததையே நாம் அற்புதமென நினைவில் வைத்துள்ளோம். ஆயினும், இலக்கணம் பயின்ற கண் அப்பகுதியில் வரும் பன்மைச் சொல் ஒன்றைத் தவறவிடாது. இயேசு கண்டது 'அவர்களுடைய' விசுவாசத்தை என்கிறார் மாற்கு. படுத்திருந்தவன் ஒரு சொல்லும் பேசியதாகக் குறிப்பில்லை. கூரையைப் பிரித்த கைகளே அவனுக்காகப் பேசின. (வீட்டுக்கு உடையவர் என்ன பேசினார் என்பதை மாற்கு எழுதாமல் விட்டுவிட்டார்!)

அந்நூலின் ஆறாம் அதிகாரத்தில் மற்றொரு செய்தி வருகிறது. இயேசு பன்னிருவரையும் இருவர் இருவராக ஊர்களுக்கு அனுப்புகிறார். அவர்கள் எண்ணெய் பூசி நோயாளரைக் குணப்படுத்துகின்றனர். ஆசிரியர் தம் ஆற்றலைத் தம்மிடமே பூட்டி வையாமல் பிறர் கையில் ஒப்படைத்த இடம் இதுவாகும். பழைய தமிழ் வேதாகமம் அப்பன்னிருவரைச் 'சீஷர்' என்னும். நம் மரபில் சீடரும் மாணாக்கரும் வேறு வேறு இனத்தார் அல்லர். ஆசிரியத் தொழில் புரியும் நமக்கு இந்த இடம் நெருக்கமாகப் படுவது அதனாலேயே.

சென்ற நூற்றாண்டுகளில் கிறித்துவ ஊழியர் பலர் நம் நாடுகளில் மருத்துவம் செய்தனர். அவருள், நோயைத் தாமே தீர்ப்பதினும் தீர்க்கவல்ல மாணாக்கரை உருவாக்குவதைப் பெரிதெனக் கொண்டு, அதையும் தமிழிலேயே செய்தவர் சாமுவேல் பிஸ்க் கிறீன். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டர் நகரில் 1822 இல் பிறந்த அவர், 1847 ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் வந்து வட்டுக்கோட்டையில் தங்கி, மறு ஆண்டு மானிப்பாய்க்கு மாறினார். அவருக்கு முன்பே ஜான் ஸ்கடர் என்னும் அமெரிக்க மருத்துவர் பண்டத்தரிப்பில் பணியாற்றியிருந்தார். வேலூர் மருத்துவக் கல்லூரியைத் தோற்றுவித்த ஐடா ஸ்கடரின் பாட்டனார் இவரே.

கிறீன் தொடக்கத்தில் ஆங்கிலத்தில்தான் மருத்துவம் கற்பித்தார். கற்றுத் தேர்ந்தவர் பலர் சிற்றூர்களில் தங்கவில்லை. ஊதியம் நாடி அரசுப் பணிக்குச் சென்றனர். ஊரார் நோய் ஊரிலேயே தங்கிற்று. இதனைக் கண்டே அவர் தம் போக்கை மாற்றினார் எனலாம். 1864 முதல் வகுப்புகள் தமிழில் நடைபெற்றன. மாணாக்கர் ஐரோப்பிய உடைக்கும் நடைக்கும் மாறுவதையும் அவர் விரும்பவில்லை. மருத்துவனாக ஆனபின்னும் அவன் தன் ஊராருக்கு அயலானாகிவிடலாகாது என்பது அவர் கருத்து. இரு கட்டங்களிலும் அவரிடம் பயின்று மருத்துவரானோர் 60 பேருக்கு மேல்.

தமிழில் கற்பிக்க நூல் வேண்டுமே! 1852 இல் உடலமைப்பும் உடல்நலமும் பற்றிய 'அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல்' வெளிவந்தது. அதன்பின் 1857 இல் 'பிரசவ வைத்தியம்', 1867 இல் 'இரண வைத்தியம்', 1872 இல் 'மனுஷ அங்காதிபாதம்', 1875 இல் 'கெமிஸ்தம்' என நூல்கள் தொடர்ந்தன. 'மனுஷ அங்காதிபாதம்' கிரே என்பவரின் புகழ்பெற்ற உடற்கூற்று நூலின் தமிழாக்கம். இவற்றை அவர் தனித்துச் செய்யவில்லை. அவரிடம் பயின்ற மாணாக்கரே உடனிருந்து மொழிபெயர்த்தனர்.

இப்பெயர்களை ஆசிரியப் பயிற்சி வகுப்பில் நான் கரும்பலகையில் எழுதும்போதெல்லாம் சிரிப்பு எழும். 'கெமிஸ்தம்' என்றதும் அது பெருகும். வேதியியல், உடற்கூற்றியல், அறுவை மருத்துவம் என்ற சொற்களோடு வளர்ந்த தலைமுறைக்கு அது இயல்பே. வடசொல் மிகுதி என்று குறை கூறுவோரும் உளர். குறை உண்மையே. ஆயினும் 'அங்காதிபாதம்' என்ற சொல்லைச் சற்று நிறுத்திப் படியுங்கள். பாதாதிகேசம், கேசாதிபாதம் எனச் சிற்றிலக்கியம் பயின்ற செவிக்கு அது அயலோசையாக ஒலித்திராது. இறைவனின் திருமேனியை அடிமுதல் முடிவரை பாடிய மரபின் நிழலில், மனிதனின் எலும்பையும் நரம்பையும் வரிசைப்படுத்தும் நூலுக்குப் பெயர் அமைந்துவிட்டது. 'சுகரணம்' என்பதைக் கரணங்கள் செவ்வனே இயங்கும் இயல்பு என விரித்துக்கொள்ளலாம். இன்றைய கலைச்சொல் குழுக்கள் ஆக்கிய சில சொற்களினும் இது கருத்தைத் தெளிவாகக் காட்டுகிறது என்பது என் துணிபு.

கிறீன் சமய ஊழியர் என்பதை மறைத்தல் நேர்மையன்று. நோய் தீர்த்தலும் நற்செய்தி கூறலும் அவருக்கு ஒரே பணியின் இரு கூறுகள். அவர் பிறந்த அதே 1822 இல் நல்லூரில் பிறந்தவர் ஆறுமுக நாவலர். கிறீன் மானிப்பாய்க்கு மாறிய அதே 1848 இல், வண்ணார்பண்ணையில் நாவலர் சைவப் பிள்ளைகளுக்கெனப் பள்ளி தொடங்கினார். சில கல் தொலைவில் இருவரும் எதிரெதிர் அணியில் நின்றனர். இருவர் கையிலும் இருந்த கருவி தமிழ் உரைநடையே. இலக்கண நூல்களையும் சைவப் பாட நூல்களையும் நாவலர் அச்சேற்றிய அக்காலத்தில், அதே மொழி மானிப்பாயில் இரத்தவோட்டத்தையும் மகப்பேற்றையும் விளக்கிற்று. அக்காலத் தமிழ் உரைநடை பெற்ற உரத்திற்கு இவ்விரு களங்களும் காரணம் என நான் கருதுகிறேன்.

மானிப்பாய் முயற்சி நீண்டு நிலைக்கவில்லை. 1870 இல் கொழும்பில் மருத்துவப் பள்ளி தோன்றிற்று. அங்குப் பாடமொழி ஆங்கிலம். அரசுப் பணியும் மதிப்பும் அப்பக்கமே இருந்தன. 1873 இல் கிறீன் தாயகம் திரும்பினார். அவர் மறைவுக்குப்பின் தமிழ்வழி மருத்துவக் கல்வியை அங்கு யாரும் அவ்வளவில் முன்னெடுக்கவில்லை. யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் ஆங்கிலம் கற்று மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் கப்பலேறினர். எழுத்தராகவும் மருத்துவ உதவியாளராகவும் பணிபுரிந்தனர். 1905 இல் சிங்கப்பூரில் மருத்துவப் பள்ளி திறக்கப்பட்டபோது அதன் பாடமொழி எதுவாக இருக்கும் என்பது ஒரு கேள்வியாகவே எழவில்லை. 1913 இல் பெங்கூலன் தெருவில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் மருந்தகம் திறந்த டாக்டர் சார்லட் பெர்குசன் டேவி அம்மையார், உள்ளூர்ப் பெண்களைத் தாதியராகப் பயிற்றினார். 'பிறர் கையால் நலம்' என்ற கருத்து இங்கும் வேர்கொண்டது. தாய்மொழியில் மருத்துவ நூல் என்ற கருத்து வேர்கொள்ளவில்லை. 1982 இல் உமறுப் புலவர் தமிழ் உயர்நிலைப்பள்ளி மூடப்பட்டதோடு இந்நகரில் தமிழ்வழிப் பள்ளிக் கல்வியே முடிவுற்றது. காரணங்களை நாம் அறிவோம். பெற்றோரைப் பழிப்பதில் பயனில்லை. கிறீனின் ஆங்கிலவழி மாணாக்கர் சென்ற வழியும் அதுவே.

ஊர் திரும்பிய கிறீன் ஓய்ந்திருக்கவில்லை. வூஸ்டரில் தம் வீட்டிலிருந்தவாறே மொழிபெயர்ப்புப் பணியைத் தொடர்ந்தார். பக்கத்தில் தமிழ் பேசுவோர் இல்லை. பல்லாயிரம் கல் தொலைவிலிருந்த பழைய மாணாக்கரே துணை. உடலியக்கம் பற்றிய 'மனுஷ சுகரணம்' 1883 இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டு மே 28 ஆம் நாள் அவர் காலமானார். கவிஞர் அம்பி 1967 இல் 'கிறீனின் அடிச்சுவடு' என்னும் நூலை வெளியிட்டு அவரை மீண்டும் தமிழருக்கு அறிமுகம் செய்தார். கல்லறையில் எழுதவேண்டியது என்ன என்று கிறீன் முன்பே குறித்து வைத்திருந்தார். தமிழருக்கு மருத்துவ ஊழியர் என்னும் பொருள்பட அமைந்த அவ்வாசகம், தமிழர் எவரும் வாழாத அவ்வூர்க் கல்லில் பொறிக்கப்பட்டது.