மினாராவில் தாழிட்ட கதவு

பெருநாள் விருந்தோ நிக்காஹ் வைபவமோ முடிந்து வீடு திரும்பியதும் சிலர் பேச்சின்றித் தனியறையை நாடுகின்றனர். குடும்பத்தார் அதனைச் செருக்கென்றும் உறவினர்மீதுள்ள வெறுப்பென்றும் கருதிக் கடிந்துகொள்கின்றனர். ஆனால் கூட்டத்தில் களைத்த உள்ளம் தனிமையில் தெளிவு பெறுவது நமது வரலாற்றுக்குப் புதிதன்று.

நபித்துவத்திற்கு முன்னர் அண்ணல் நபி (ஸல்) அவர்களுக்குத் தனிமை விருப்பமாக்கப்பட்டது என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கின்றார்கள். பெருமானார் உணவை எடுத்துக்கொண்டு ஹிரா குகையில் பல இரவுகள் தங்குவார்கள். பின்னர் அன்னை கதீஜா (ரலி) அவர்களிடம் திரும்பி, மீண்டும் உணவு எடுத்துச் செல்வார்கள். மதீனாவில் ஒரு சமுதாயத்தின் பொறுப்பையே சுமந்த காலத்திலும், ரமளானின் இறுதிப் பத்து நாட்களை இஃதிகாஃபில் கழித்தார்கள்.

இவ்வழியில் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் வாழ்வும் சிந்திக்கத்தக்கது. கி.பி. 1091இல் பக்தாத் நிழாமிய்யா மத்ரஸாவின் ஆசிரியராக அமர்ந்த அவர்களிடம் 300 மாணவர்கள் பயின்றனர். எனினும், தமது போதனை அல்லாஹ்வுக்காக அன்றிப் புகழுக்காகவே நிகழ்வதாக உணர்ந்து உள்ளம் அலைக்கழிந்தது. 1095இல் ஒருநாள் நாவு கட்டுண்டது. பாடம் நடத்த இயலவில்லை, உணவும் இறங்கவில்லை. நோயின் வேர் உள்ளத்தில் இருக்கிறது என்று கூறி மருத்துவர்கள் கைவிரித்தனர்.

பதவியைத் துறந்து திமிஷ்க் சென்ற இமாம், அங்குள்ள பள்ளிவாசலின் மினாராவில் ஏறி, கதவைத் தாழிட்டுப் பகல் முழுதும் தனித்திருந்தார்கள். ஆயினும் அத்தனிமை முடிவாக அமையவில்லை. பிள்ளைகளின் அழைப்பு அவர்களை ஊருக்கு ஈர்த்தது. 1106இல் நைஸாபூரில் மீண்டும் பாடம் நடத்த அமர்ந்தார்கள்.

அவர்களின் இஹ்யா உலூமித்தீனில் தோழமையின் ஒழுங்குகளைக் கூறும் நூலை அடுத்தே தனித்திருத்தலின் ஒழுங்குகளைக் கூறும் நூல் அமைந்துள்ளது. தனிமையில் வணக்கத்திற்கு ஓய்வும், புறம்பேசுதலிலிருந்து பாதுகாப்பும் உண்டு. கல்வியும் பிறருக்கு உதவும் வாய்ப்பும் குறைவது அதன் தீங்கு. ஆளுக்கும் சூழலுக்கும் ஏற்ப நிலை மாறும் என்பதே இமாமின் முடிவு.

ஆகவே, விருந்திலிருந்து திரும்பிய பிள்ளை சற்று அமைதி நாடினால் கடியாதிருப்போம். உளூச் செய்து இரண்டு ரக்அத் தொழவும், கைப்பேசியை ஒதுக்கிவிட்டு திக்ரில் அமரவும் இடமளிப்போம். தனிமையை விரும்புவோரும் ஜமாஅத் தொழுகை, ஜனாஸா, நோயாளியை நலம் விசாரித்தல் ஆகிய கடமைகளுக்குக் கதவைத் திறந்தே வைத்தல் வேண்டும். ஹிராவிலிருந்து இல்லத்திற்கும், மினாராவிலிருந்து மத்ரஸாவுக்கும் திரும்பும் பாதை இருந்தது என்பதை இரு சாராரும் நினைவிற் கொள்வோமாக.