எட்டு ஆரச் சக்கரமும் ட்ரெடில் மிஷினும்

என் பழைய டிரங்குப் பெட்டியில் நீல அட்டை போட்ட நோட்டு ஒன்று கிடக்கிறது. மதுரையில் கல்லூரியில் படித்தபோது நாட்டு நலப்பணித் திட்டத்தில் கொடுத்தது. தேதி, செய்த பணி, மணி, திட்ட அலுவலர் கையொப்பம் என்று நான்கு கட்டங்கள். 28.12.1980-க்கு நேரே ‘சாலைப் பணி, 8 மணி’ என்று எழுதியிருக்கிறேன். அந்த வரியின் ஓரத்தில் கறுப்பாக ஒரு கட்டைவிரல் ரேகை. சாலை மண் அத்தனை கறுப்பாக ஒட்டாது, அச்சு மை. அன்றைக்கு அந்த எட்டு மணிக்கு மேல் இன்னொரு ஐந்து மணி நேரமும் நான் வேலை பார்த்தேன் என்பதற்கு அந்த ரேகையை விட்டால் வேறு அத்தாட்சி இல்லை.

மாணவன் ஊருக்காக எத்தனை மணி நேரம் உழைக்க வேண்டும் என்பதை டில்லியில் இருபது வருஷம் உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள். சுதந்திரம் வந்த கையோடு அமைந்த ராதாகிருஷ்ணன் கமிஷன் (1948–49), விரும்புகிற மாணவர்கள் சேவை செய்யட்டும் என்றது. 1959-இல் சி.டி. தேஷ்முக் தலைமையிலான குழு ஒரு படி மேலே போனது. பள்ளி முடித்தவர்கள் கல்லூரிக்குள் போகுமுன் ஒன்பது மாதம் முதல் ஒரு வருஷம்வரை கட்டாயமாகச் சேவை செய்ய வேண்டும் என்றது. நல்லவேளை, நடக்கவில்லை. நடந்திருந்தால் எங்கள் தெருவில் ஒருத்தன்கூடக் கல்லூரி வாசலை மிதித்திருக்க மாட்டான். வளர்ந்த பிள்ளையை ஒரு வருஷம் கூலியில்லாமல் வைத்துச் சோறு போட எங்கள் வீடுகளில் ஏது வழி? கல்வியாளர் கே.ஜி. சையிதைன் பிற நாடுகளின் ஏற்பாடுகளை ஆராய்ந்துவிட்டு, விருப்பத்தின் பேரில்தான் செய்ய வேண்டும் என்றார். கோத்தாரி கமிஷன் (1964–66) படிப்பு நடக்கும்போதே அதன் பகுதியாகச் செய்யட்டும் என்றது. இதற்கு நடுவில் சீனப் போர் வந்து, 1963-இல் என்.சி.சி. கட்டாயமாகி, 1968-இல் அந்தக் கட்டாயம் போனது. கடைசியில் காந்தி நூற்றாண்டையொட்டி, 1969 செப்டம்பர் 24 அன்று, கல்வி அமைச்சர் வி.கே.ஆர்.வி. ராவ் 37 பல்கலைக்கழகங்களில் நாட்டு நலப்பணித் திட்டத்தைத் தொடங்கி வைத்தார்.

கணக்கு இதுதான்: வருஷத்துக்கு 120 மணி, இரண்டு வருஷத்துக்கு 240. தவிர, தத்தெடுத்த கிராமத்தில் ஒரு சிறப்பு முகாம். எங்கள் காலத்தில் பத்து நாள். சட்டையில் குத்திக்கொள்ள ஒரு பேட்ஜ். கோனார்க் தேர்ச்சக்கரம், எட்டு ஆரம். எட்டு ஆரமும் ஒரு நாளின் 24 மணி நேரத்தைக் குறிக்கும், தொண்டன் எந்நேரமும் தயாராக இருக்க வேண்டும் என்று முதல் கூட்டத்தில் விளக்கினார்கள். நான் விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். ஆரத்துக்கு மூன்று மணி. கல்லூரிக்கு இரண்டு ஆரம், அச்சகத்துக்கு ஒன்றரை, தூக்கத்துக்கு இரண்டு. சைக்கிள் மிதிக்கவும் தண்ணீர் பிடிக்கவும் ரேஷன் கடையில் நிற்கவும் சேர்த்து இன்னொன்று. மிச்சம் ஒன்றரை ஆரம் தேசத்துக்கு.

அந்தக் கமிஷன், குழு அறிக்கைகளையெல்லாம் பின்னாளில் தேடிப் பிடித்து வாசித்தேன். எழுதியவர்கள் பெரிய மனிதர்கள், நல்ல மனசுக்காரர்கள். ஆனால் அவர்கள் கண்முன் இருந்த மாணவன், சாயங்காலமானால் விடுதிக் கட்டிலில் சாய்ந்துகிடக்கிறவன். அவனை எழுப்பி மண்வெட்டியைக் கையில் கொடுப்பது எப்படி என்பதே அவர்களுடைய கவலை. ஏற்கெனவே ஏதோ ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறவன் அந்தப் பக்கங்களில் வரவே இல்லை.

எங்கள் வீட்டில் நேரம் என்றால் ஹார்வி மில் சங்குதான். அப்பா அங்கே ஷிப்டு வேலை. சங்கு ஊதினால் உலை வைப்பதும் இறக்குவதும் நடக்கும். 1948-ஆம் வருஷத் தொழிற்சாலைச் சட்டப்படி அப்பாவுக்கு வாரம் 48 மணிக்கு மேல் வேலை கிடையாது. மேலே போனால் ஓவர்டைம். அவர் உழைப்பை எண்ண அரசாங்கம் சட்டம் போட்டிருந்தது. என் சேவையை எண்ண நோட்டுக் கொடுத்திருந்தது. கல்லூரியோ வருகைப் பதிவை எண்ணியது: 75 சதவீதத்துக்குக் கீழே போனால் காண்டொனேஷன் என்று அபராதம் கட்ட வேண்டும். நான் ஒரு தடவை கட்டினேன். இரண்டு வார அச்சகக் கூலி அதற்கே போனது.

அச்சகம் மேலமாசி வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில். பி.யு.சி. படிக்கும்போதே எழுத்துப் பிரிக்கிற பையனாகச் சேர்ந்தேன். அச்சடித்து முடித்த ஃபாரத்தை மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்து, கட்டை அவிழ்த்து, ஒவ்வொரு ஈய எழுத்தையும் அதனதன் அறையில் திருப்பிப் போட வேண்டும். தப்பான அறையில் ஒரு ‘ள’ விழுந்தால் அடுத்த வாரம் யாரோ ஒருவருடைய பெயர் மாறிப்போகும். டிகிரி சேர்ந்த பிறகு ப்ரூஃப் பார்க்கவும் விட்டார்கள். வாரம் 15 ரூபாய். 1978-இல் எம்.ஜி.ஆர். அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை போட்டிருந்தாலும், எங்கள் எழுத்துக் கேஸில் கொம்பு வைத்த பழைய ‘லை’யும் ‘னை’யும் அப்படியே இருந்தன. கல்யாணப் பத்திரிகைக்கு வருகிற பெரியவர்கள், “அந்தப் பழைய லை போடுங்க, இது மொட்டையா இருக்கு” என்பார்கள்.

அச்சகத்துக்கென்று ஒரு பஞ்சாங்கம் உண்டு. ஆடியில் ஈ ஓட்டலாம். ஆவணியிலும் தையிலும் மூச்சுவிட முடியாது. மார்கழியில் யாரும் பத்திரிகை கொடுக்க மாட்டார்கள். ஆனால் தை பிறந்ததும் கொடுக்க, மார்கழியிலேயே அடித்து வைத்துக்கொள்வார்கள். கல்லூரியின் பஞ்சாங்கப்படி சிறப்பு முகாமும் அதே மார்கழியில்தான், அரைப்பரீட்சை விடுமுறையில். அந்த வருஷம் கூடுதலாக இன்னொன்றும் சேர்ந்தது: 1981 ஜனவரியில் மதுரையில் ஐந்தாம் உலகத் தமிழ் மாநாடு. தமுக்கம் மைதானத்தில் இன்றைக்கும் நிற்கும் தமிழன்னை சிலை அதன் நினைவுதான். ஊரே சுண்ணாம்பு வாசனையாக இருந்தது. எங்கள் சந்து அச்சகத்துக்குக்கூட வரவேற்பு நோட்டீஸ் வேலை வந்து குவிந்தது.

முகாம் அழகர்கோவில் பக்கம் ஒரு கிராமத்தில். பகலில் ஓடைக்கு அந்தப் பக்கம் வண்டி போக மண் சாலை. ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு கலைநிகழ்ச்சி; மாணவர் மன்றத் தேர்தலில் நின்று தோற்ற நண்பன் ஒருவன் பாட்டுப் பாடி அடுத்த தேர்தலுக்கு அப்போதே ஓட்டுச் சேர்த்துக்கொண்டிருந்தான். நான் திட்ட அலுவலரிடம், “அம்மாவுக்கு உடம்பு சரியில்லை சார்” என்று சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்தேன். அம்மா நன்றாகத்தான் இருந்தாள். எட்டு மணிக்குக் கிளம்பினால் ஒன்பதேகாலுக்கு அச்சகம். இரண்டு மணிவரை ப்ரூஃப். விடியுமுன் திரும்பி வந்து பிரார்த்தனைக்கு நிற்பேன்.

இரண்டாம் ராத்திரிதான் அது நடந்தது. பத்திரிகைகளில் வருஷா வருஷம் மாறாத வரிகளை அவிழ்க்காமல் நூல் கட்டியே வைத்திருப்போம்: ‘நிகழும் மங்களகரமான’ என்பது ஒன்று, ‘திருவளர்ச்செல்வன்’ ஒன்று, ‘திருவளர்ச்செல்வி’ ஒன்று. வருஷப் பெயரையும் மாப்பிள்ளை, பெண் பெயரையும் கோர்த்துச் செருகினால் போதும். அந்தப் பத்திரிகையில் செல்வனும் செல்வியும் இடம் மாறி உட்கார்ந்திருந்தார்கள். நான் அதைப் பார்த்துவிட்டு ‘சரி’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறேன். 500 அட்டை. மூலைக்கு மூலை மஞ்சள் தடவி, கட்டி, பார்ட்டி கையில் கொடுத்த பிறகுதான் பெண்ணின் தாய்மாமன் பார்த்திருக்கிறார்.

முதலாளி கத்தவில்லை. அட்டைக் காசை என் கூலியில் ஐந்து வாரம் பிடித்துக்கொண்டார். “ஊருக்கு ரோடு போட்டதெல்லாம் இருக்கட்டும் தம்பி. இங்க ஒரு குடும்பத்தையே குப்புறப் போட்டுட்டியே” என்றார், அவ்வளவுதான். மறு அச்சு அடிக்க ராத்திரி முழுக்க ட்ரெடில் மிஷினை மிதித்தவர் மிஷின்மேன் அண்ணன். அவருக்குக் கூடுதல் கூலி கொடுத்ததாக எனக்கு ஞாபகமில்லை.

சொந்த வாழ்க்கை என்று தனியாக ஒன்றும் கேட்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை தங்கம் தியேட்டரில் மேட்னி உண்டு. நண்பர்களோடு கூட்டமாகப் போவோம்; விளக்கு அணைந்ததும் நான் தூங்கிவிடுவேன். அப்படி எத்தனையோ படம் பார்த்தேன், ஒன்றின் கதையும் தெரியாது.

அந்த மிஷின்மேன் அண்ணனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பதினைந்து வருஷமாக ஊர்க் கல்யாணங்களை எல்லாம் அச்சடித்தவர், கூலிப் பதிவேட்டில் கைநாட்டு வைப்பார். அப்போது முதியோர் கல்விக்கு மவுசு. 1978 அக்டோபர் 2-இல் தேசிய முதியோர் கல்வித் திட்டம் தொடங்கியிருந்தது, எங்கள் நலப்பணித் திட்ட அலகுக்கும் சிலேட்டும் அரிக்கேன் விளக்கும் வந்திருந்தன. மறு அச்சுக்குப் பிறகு அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கூச்சம். ஒரு சிலேட்டை அச்சகத்துக்குக் கொண்டுபோனேன். சிலேட்டில் ‘அ’ எழுதிக் காட்டினால் தலையை ஆட்டினார், மறுநாள் மறந்தார். ஒருநாள் ஈய எழுத்தைக் கையில் கொடுத்தேன். “இது தெரியுமே, எத்தனை தடவை பிடுங்கிப் போட்டிருக்கேன்” என்றார். கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பிய எழுத்து அவருக்கு ஏற்கெனவே பழக்கம்; நேரான எழுத்துதான் புதுசு. அதனால் ஃபாரத்திலிருந்தே தொடங்கினோம். முதலில் தலைகீழாக வாசித்தார். ஆறு மாதத்தில் காகிதத்துக்கு வந்தார்.

இந்த மணிகளை நோட்டில் எழுதிக்கொண்டு போனபோது திட்ட அலுவலர் யோசித்தார். “தத்தெடுத்த கிராமத்துக்குள்ள நடந்தாத்தான்ப்பா கணக்கு. அச்சகம்னா உன் சொந்த வேலையில்ல?” என்றார். பிறகு ‘முதியோர் கல்வி’ என்று எழுதச் சொல்லி, பாதி மணிக்குக் கையெழுத்துப் போட்டார். எப்படியோ 240 தேறியது.

1981 ஆவணி. ரௌத்திரி போய்த் துன்மதி வருஷம் வந்திருந்தது. ஒரு ராத்திரி மிஷின் சத்தம் பாதியில் நின்றது. முதல் அட்டையை விளக்கடியில் பிடித்துக்கொண்டு அண்ணன் என்னைக் கூப்பிட்டார். விரலை ஒவ்வோர் எழுத்தின் மேலும் வைத்து, மூச்சு வாங்கி வாசித்தார்: “நிக-ழும் மங்-களக-ரமான துன்-மதி வரு-ஷம்.” நிமிர்ந்து பார்த்தார்.

“மங்களகரமானன்னு போட்டுட்டு அடுத்தாப்புல துன்மதின்னு போட்டிருக்கியே தம்பி. இதையும் சரின்னு கையெழுத்துப் போட்டிருக்கியா?”

“வருஷத்தோட பேரே அதுதாண்ணே” என்றேன்.

அவர் நம்பவில்லை. மாடியில் தூங்கிக்கொண்டிருந்த முதலாளியை எழுப்பிக் கேட்டுவிட்டு வந்துதான் மறுபடி மிஷினில் காலை வைத்தார்.