மோட்டார் கக்கும் சூடு எவ்வளவு? கணக்குப் போட்டுப் பார்ப்போமா?

ஜொகூரின் பாசிர் கூடாங் தொழிற்சாலைகளில் பம்பு, காற்றாடி, கன்வேயர் என எதைப் பார்த்தாலும் பெரும்பாலும் அதை ஓட்டுவது மின்மோட்டார்தான். ஆனால் இழுக்கும் மின்சாரம் முழுவதையும் எந்த மோட்டாரும் சுழற்சியாக மாற்றுவதில்லை. மிச்சம் சூடாகப் போய்விடும். அது எவ்வளவு?

நேம்பிளேட் சொல்வது என்ன?

அதில் உள்ள கிலோவாட், மோட்டார் தண்டில் கிடைக்கும் சக்தி. மோட்டார் இழுக்கும் மின்சாரம் அல்ல! பலரும் சறுக்குவது இங்கேதான். 7.5 கிலோவாட், செயல்திறன் 86% என்று போட்டிருந்தால், 7.5-இல் 14% எடுத்து 1.05 கிலோவாட் வீண் என்பது தப்புக் கணக்கு.

சரியான கணக்கு?

முழுச் சுமையில் ஓடும்போது:

இழுக்கும் மின்சக்தி: 7.5 ÷ 0.86 = 8.72 கிலோவாட்
வீணாகும் வெப்பம்: 8.72 − 7.5 = 1.22 கிலோவாட்

அவ்வளவுதான். ஒரு குதிரைத்திறன் ஏர்கோனின் குளிரூட்டும் திறனில் கிட்டத்தட்ட பாதி, இந்தச் சூட்டை வெளியேற்றவே போய்விடும்.

மோட்டாரை மாற்றினால்?

86% என்பது அனைத்துலகத் தரத்தில் ஐ.இ.1 வகை, நான்கு துருவ மோட்டாரின் அளவு. அதே 7.5 கிலோவாட்டில் ஐ.இ.3 வகைக்கு 90.4%. அப்போ வீண் வெப்பம் 0.80 கிலோவாட்தான். வித்தியாசம் 0.42 கிலோவாட். ஆண்டுக்கு 6,000 மணி நேரம் ஓடினால் சுமார் 2,500 யூனிட் மிச்சம். யூனிட் 40 சென் என வைத்துக்கொண்டால் 1,000 ரிங்கிட். ஒரே ஒரு மோட்டாரில்!

அறைக்குள் சேரும் சூடு அவ்வளவுதானா?

அது மோட்டார் என்ன வேலை செய்கிறது என்பதைப் பொறுத்தது. தண்ணீரை மேல்மாடித் தொட்டிக்கு ஏற்றும் பம்பு என்றால், தண்டின் சக்தியில் பெரும்பகுதி தண்ணீரோடு போய்விடும். அதே அறைக்குள் காற்றைச் சுழற்றும் காற்றாடி என்றால், அந்த 7.5 கிலோவாட்டும் கடைசியில் சூடுதான். மொத்தம் 8.72 கிலோவாட்!

இப்போது ஏன் முக்கியம்?

எரிசக்திச் செயல்திறன், பாதுகாப்புச் சட்டம் 2025 ஜனவரி 1 முதல் தீபகற்ப மலேசியாவில் நடப்பில் உள்ளது. தொடர்ந்து 12 மாதங்களில் 21,600 கிகாஜூல், அதாவது 60 லட்சம் யூனிட் அளவுக்கு எரிசக்தி பயன்படுத்தும் நிறுவனங்கள் எரிசக்தி நிர்வாகியை நியமிக்க வேண்டும். எரிசக்தித் தணிக்கையும் செய்ய வேண்டும். பழைய மோட்டார்களின் வீண் சூட்டைக் கணக்கெடுப்பது அதற்கு நல்ல தொடக்கம்.