பெயர் தெரியாத பாடகரின் குரலில் உருவான லண்டன் இசை

லண்டன் தெருக்களில் வீடின்றி வாழ்ந்த முதியவர் ஒருவர் பாடிய சில வரிகள், பிரிட்டனின் நவீன செவ்வியல் இசையில் பரவலாக அறியப்பட்ட படைப்பு ஒன்றுக்கு அடித்தளமாக அமைந்தன. ஆனால் பாடியவரின் பெயர் உலகுக்குத் தெரியாது.

1971ஆம் ஆண்டு, எலிஃபண்ட் அண்ட் காசில், வாட்டர்லூ பகுதிகளில் வீடற்றிருந்தோர் குறித்து அலன் பவர் என்பவர் திரைப்படம் ஒன்றை உருவாக்கினார். அதில் பயன்படுத்தப்படாத ஒலிநாடாக்கள், அவருடன் பணியாற்றிய இசையமைப்பாளர் கேவின் பிரையர்ஸிடம் தரப்பட்டன. அவற்றில் ஒன்றில், இயேசு தன்னைக் கைவிட்டதில்லை என்று அம்முதியவர் பாடியிருந்தார். அவர் குடிப்பழக்கம் இல்லாதவர்.

கண்ணீர் வடித்தவர்கள்

அரை நிமிடத்துக்கும் குறைவான அப்பாடல் தொடர்ந்து ஒலிக்கும்படி, தாம் பணிபுரிந்த லெஸ்டர் நகர கலைக்கல்லூரியில் பிரையர்ஸ் அதனைப் பதிவு செய்தார். கதவைத் திறந்து வைத்துவிட்டு காபி அருந்தச் சென்ற அவர் திரும்பியபோது, அடுத்த அறையில் இருந்தவர்கள் அமைதியடைந்திருந்தனர். சிலர் தனித்தமர்ந்து அழுதுகொண்டிருந்தனர்.

குறைந்த இசைக்கூறுகளைத் திரும்பத் திரும்ப ஒலிக்கச் செய்வது மினிமலிசம் எனப்படும் பாணி. அமெரிக்க இசையமைப்பாளர் ஸ்டீவ் ரைஷ், 1965ஆம் ஆண்டுப் படைப்பொன்றில், பதிவு செய்த குரலைச் சிறுகச் சிறுகச் சிதைத்தார். பிரையர்ஸோ குரலை மாற்றாமல், அதைச் சுற்றிலும் தந்தி வாத்தியங்களையும் பிற கருவிகளையும் படிப்படியாகச் சேர்த்தார்.

செல்வாக்கு

"இயேசுவின் இரத்தம் என்னை இன்னும் கைவிட்டதில்லை" என்று பொருள்படும் தலைப்பைக் கொண்ட இப்படைப்பு, 1972ஆம் ஆண்டு லண்டன் குயீன் எலிசபெத் அரங்கில் முதன்முறையாக இசைக்கப்பட்டது. 1975இல் பிரையன் ஈனோ தமது புதிய இசைத்தட்டு வரிசையில் இதனை வெளியிட்டார். 1993இல் வெளியான 74 நிமிட வடிவத்தில் அமெரிக்கப் பாடகர் டாம் வெய்ட்ஸும் பாடினார். அது மெர்குரி பரிசுக்கான இறுதிப் பட்டியலில் இடம்பெற்றது. அதே ஆண்டு நடன அமைப்பாளர் வில்லியம் ஃபோர்சைத், 'குவின்டெட்' என்ற நடனத்தை இவ்விசைக்கு அமைத்தார்.

ஏழை ஒருவரின் குரலை மற்றவர்கள் கலையாக்குவது முறையா என்ற கேள்வியும் இப்படைப்பைத் தொடர்கிறது. முதியவரின் நம்பிக்கைக்கு மதிப்பளிக்கவே முயன்றதாக பிரையர்ஸ் விளக்கமளித்துள்ளார். ஆனால் அவருக்காக அதற்குப் பதில் சொல்ல அம்முதியவர் இல்லை. தமது குரலில் உருவான இசையைக் கேட்கும் முன்பே அவர் இறந்துவிட்டார்.

2019ஆம் ஆண்டு லண்டன் டேட் மாடர்ன் கலைக்கூடத்தில் இப்படைப்பு இரவு முழுவதும், 12 மணி நேரம் இசைக்கப்பட்டது. தொழில்முறைக் கலைஞர்களுடன், வீடின்றி வாழ்ந்த அனுபவம் உள்ளவர்களும் அதில் பங்கேற்றனர்.